ஒம்பது முட்டை, பதினாறு முட்டை

உறவெல்லாம் இல்ல அண்ணாச்சி. கணக்கு வாத்தியார். உள்ள படுத்திருக்காங்கள்ல, அந்தம்மாவுக்கு நான் கணக்கு வாத்தியார்.

நீங்க முழிக்கிறது தெரியுது. கேட்டுல நிக்கிற வாட்ச்மேனும் இப்படித்தான் முழிச்சாப்ல. பாஸ்ல நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல வாத்தியார்னு எழுதிக் குடுத்தேன். "நாப்பது வயசுப் பொம்பளைக்கு வாத்தியாராய்யா?"ன்னான். ஆமான்னேன். "பெரியவரே, அண்ணன்னு எழுதுங்க, பேசாம உள்ள போயிரலாம்"ன்னான். நான் எழுதல. இல்லாத உறவை எதுக்கு எழுதணும்? முக்கா மணி நேரம் வெயில்ல நின்னேன். கடைசியில அவனே சலிச்சுப்போயி விட்டுட்டான்.

உங்களுக்கு யாரு, மச்சினரா? கேஸ் அடுப்பா? எத்தனை சதவீதம்னாங்க? பதினெட்டா. அப்ப பயப்படாதீங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம். இந்தத் தீக்காய வார்டுல சதவீதம்தான் பேச்சு. எங்களுக்கு நாப்பத்தஞ்சு சொல்லியிருக்காங்க. கணக்குப் பரிச்சையில முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ். இங்க நாப்பத்தஞ்சுன்னா டாக்டர் நம்ம மூஞ்சியப் பாக்காமப் போறாரு.

பேரு முத்துப்பேச்சி. எங்க ஊரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துல உதவியாள். அங்க மூணு பேரு வேலை. அமைப்பாளர்னு ஒருத்தர், சமையல்காரங்க ஒருத்தர், உதவிக்கு ஒருத்தர். அமைப்பாளர் நாற்காலியில உக்காந்து ரிஜிஸ்டர் எழுதுவாங்க. மத்த ரெண்டு பேரும் அடுப்புல நிப்பாங்க. நாற்காலிக்கும் அடுப்புக்கும் பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பத்தடியத் தாண்டணும்னா பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணும். அவ்வளவுதான் சங்கதி.

அந்தம்மா பதினாறு வயசுல பத்தாவது எழுதி எல்லாத்துலயும் பாஸ், கணக்கு மட்டும் போச்சு. பெறகு கல்யாணம், பிள்ளைக. இருபத்துமூணு வருஷமா அந்த ஒரு கணக்கு நின்னுபோச்சு. இருந்த அமைப்பாளரம்மா போன வருஷம் மே மாசம் ரிட்டயர்டு. "சர்ட்டிபிகேட்டக் கொண்டாந்து குடு, ஒம் பேரத்தான் எழுதப்போறோம்"னு ஒன்றிய ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அப்பத்தான் என்கிட்ட வந்தாங்க.

நான் பள்ளிக்கூட வாத்தியார் இல்லீங்க. மில்லுல பிட்டர். முப்பத்தொரு வருஷம் ஸ்பின்னிங் மில்லு. பகல்ல மிஷினு, ராவுல ராப்பள்ளிக்கூடம். பத்தாவது, பன்னெண்டாவது, அப்புறம் தபால்ல பி.எஸ்சி. பட்டம் கைக்கு வந்தப்ப வேலைக்கு வயசு தாண்டிருச்சு. அதனால மில்லு சங்கத்துக் கட்டடத்து மாடியில சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் வகுப்பு வச்சேன். காசு கிடையாது. எல்லாம் பெயிலான ஆளுக. லோடுமேன், டெய்லரு, பெட்டிக்கடைக்காரரு. எனக்கு முன்னால உக்காந்த ஆள்ல பாதிக்கு மேல தலை நரைச்ச ஆளுக.

ராப்பள்ளிக்கூடத்துல எனக்கு ஒரு வாத்தியார் இருந்தாரு. பிதாகரஸ் தேற்றம் நடத்தினாரு. செங்கோண முக்கோணத்துல நீளமான பக்கத்தோட வர்க்கம், மத்த ரெண்டு பக்கத்தோட வர்க்கத்தையும் கூட்டினதுக்குச் சமம். ஏன் சார்னு கேட்டேன். "ஏன்னா, அஞ்சு மார்க்"ன்னாரு. வகுப்பே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். மனப்பாடம் பண்ணி எழுதினேன், அஞ்சுக்கு அஞ்சு போட்டாங்க.

பெறகு ஒரு பத்து வருஷம் கழிச்சு, மில்லுல புது மிஷின் எறக்குறோம். தரையில போல்ட்டுக்கு மார்க் பண்ணணும். எங்க மேஸ்திரி டேப்பப் புடிச்சு இந்தப் பக்கம் மூணடி, அந்தப் பக்கம் நாலடி, குறுக்க அஞ்சடி வருதான்னு பாத்தாரு. வந்துச்சு. "மூலைமட்டம் சரியா இருக்குடா"ன்னுட்டுப் போயிட்டாரு. எனக்குப் பொட்டுல அடிச்சாப்ல இருந்துச்சு. ஒம்பதும் பதினாறும் இருபத்தஞ்சு. அட, இதையா நான் எழுதினேன்! அஞ்சு மார்க் வாங்கியிருக்கேன், என்னத்துக்கு வாங்கினேன்னே தெரியாம. அன்னைக்கு முடிவு பண்ணினேன், நான் ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தா ஏன்னு சொல்லித்தான் குடுப்பேன்னு.

முத்துப்பேச்சி மொத நாள் வந்தாங்க. கையில கைடு. அந்தத் தேற்றத்துக்கு செவப்பு மையில கோடு. "சார், இத நான் ஒப்பிச்சிருவேன்"னாங்க. சரி ஒப்பிங்கன்னேன். மூச்சு விடாம ஒப்பிச்சாங்க. கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம், கடைசியில எனவே தேற்றம் நிரூபிக்கப்பட்டது. ஒரு எழுத்து பிசகல. நான் போர்டுல முக்கோணம் போட்டு, "இதுல ஏ எங்கம்மா இருக்கு?"ன்னேன். முழிச்சாங்க. "சார், கைடுல மேல இருக்கும்"னாங்க.

கைட வாங்கினேன். சங்கத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். "பரிச்சை முடிஞ்சு வாங்கிக்கிருங்க"ன்னேன். அந்தம்மா பீரோவையே கொஞ்ச நேரம் பாத்தாங்க.

அதுக்குப் பெறகு நான் நடத்தினேன் பாருங்க. ஒரு வாரம் அந்த ஒரு தேற்றம்தான். மொதல்ல வரலாறு. பிதாகரஸ்ங்கிற ஆளு ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி. அவரு கையால எழுதின ஒரு துண்டுகூட இன்னைக்கு இல்ல. அவருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியே பாபிலோன்காரன் களிமண் பலகையில இந்தக் கணக்க ஆணி ஆணியாக் குத்தி வச்சிருக்கான். நம்ம பக்கத்துல யாகத்துக்கு மேடை கட்டினவங்க கயித்தப் புடிச்சு இதயே சொல்லியிருக்காங்க. சீனாக்காரன் படமே போட்டு வச்சிருக்கான். பேரு மட்டும் அந்தாளுக்குப் போயிருச்சு. இதெல்லாம் எவன் சொல்லிக் குடுப்பான்?

லோடுமேன் பால்சாமின்னு ஒருத்தன் இருந்தான், வாயாடி. "வாத்தியாரே, இது தமிழன் கண்டுபிடிச்சதுன்னு வாட்ஸப்புல வந்துச்சே"ன்னான். வாட்ஸப்புல வந்தா அது வரலாறு ஆயிராதுடான்னேன். "சரி, பாபிலோன்ல எவன் மண்ணக் குத்தினா நமக்கென்ன, பரிச்சைக்கு எது வரும், அதச் சொல்லுங்க"ன்னான். அவனத் திட்டி உக்காரவச்சேன்.

முத்துப்பேச்சி அப்படி இல்ல. கண்ணு வாங்காமக் கேப்பாங்க. பிதாகரஸ் கூட்டத்துல மொச்சை, அவரை மாதிரி சாமானத் தொடமாட்டாங்களாம்னு சொன்னேன். "அப்ப சுண்டல் போடுற அன்னைக்கு அவரு நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்தா பட்டினிதான் சார்"னாங்க. எல்லாரும் சிரிச்சோம். அந்தக் கூட்டத்துல ஒருத்தன் ஒரு உண்மையக் கண்டுபிடிச்சான், அது மத்தவங்களுக்குப் பிடிக்காம அவனக் கடல்ல முக்கிட்டாங்கன்னு ஒரு கதை இருக்கு. அதையும் சொன்னேன். உண்மைக்காக உசுர விட்டவன்னு நான் ஒரு வேகத்துல பேசிக்கிட்டிருக்கேன். அந்தம்மா கையத் தூக்கிக் கேக்குறாங்க. "அவன் பொண்டாட்டி பிள்ளைக என்ன ஆச்சு சார்?"

அதெல்லாம் வரலாறுல எழுதமாட்டாங்கம்மான்னேன். என்னா கேள்வி பாருங்க!

அடுத்த வாரம் ஒரு நாள், வகுப்புக்கு ஓடி வர்றாங்க. சேலையில மஞ்சத்தூளு, மூச்சு வாங்குது. "சார், முட்டையில பாத்துட்டேன்"ங்கிறாங்க. என்னம்மா முட்டைன்னா, சத்துணவு முட்டை வருதுல்ல, அட்டையில, அஞ்சுக்கு ஆறுன்னு குழி குழியா. மூணுக்கு மூணா ஒம்பது முட்டை ஒரு அட்டையில. நாலுக்கு நாலா பதினாறு முட்டை இன்னொரு அட்டையில. ரெண்டையும் எடுத்து மூணாவது அட்டையில அடுக்குனா, அஞ்சுக்கு அஞ்சு சரியா நெறஞ்சு ஒரு வரிசை காலி. "பிள்ளைகளெல்லாம் சுத்தி நின்னு பாத்துச்சுக சார், நானும் வாத்தியாராயிட்டேன்"னு சிரிக்கிறாங்க. நான் சந்தோசமாச் சபாஷ்னேன். அப்பத்தான் அந்தக் கேள்வியக் கேட்டாங்க.

"சார், முட்டைக்கு சரியா வருது. எல்லா முக்கோணத்துக்கும் வரும்னு எப்படிச் சொல்றாங்க? உலகத்துல இருக்குற எல்லாத்தையும் அளந்தா பாத்தாங்க?"

அண்ணாச்சி, முப்பது வருஷமா நான் இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். உங்களுக்குப் புரியுதா? நிரூபணம்னா என்னன்னு யாரும் சொல்லாமலே அந்தம்மா அதைக் கேட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அன்னைக்குத்தான் பாமாயில் அட்டைப்பெட்டிய வெட்டி அந்த நிரூபணத்தக் காட்டுனேன். கைடுல இருக்கிறது வேற, நடுவுல கோடு போட்டு, வடிவொத்த முக்கோணம், விகிதம்னு சுத்தி வரும். இது நேரா. நீங்களே பாருங்க. ஒரே அளவுல நாலு செங்கோண முக்கோணம். சின்னப் பக்கம் ரெண்டையும் சேத்த நீளத்துக்கு ஒரு பெரிய சதுரம். சதுரத்தோட நாலு மூலையிலயும் மூலைக்கொண்ணா நாலையும் வச்சீங்கன்னா, நடுவுல சாய்வா ஒரு சதுரம் காலியாக் கெடக்கும். அதோட பக்கம் முக்கோணத்தோட நீளப் பக்கம். சரியா? இப்ப அதே சதுரத்துக்குள்ள அந்த நாலையும் ரெண்டு ரெண்டா ஒட்டி, நீளச் செவ்வகமா எதிரெதிர் மூலைக்குத் தள்ளி வைங்க. இப்ப காலி எங்க இருக்கும்? ரெண்டு சின்னச் சதுரமா இருக்கும். ஒண்ணு இந்தப் பக்கத்துக்கு, ஒண்ணு அந்தப் பக்கத்துக்கு.

அந்தம்மாவே சொன்னாங்க. "ரூமு அதே ரூமு. மூட்டையும் அதே மூட்டை. மாத்தி அடுக்கியிருக்கு, அவ்வளவுதான். அப்ப மிச்ச எடமும் அதே எடம்தான சார்?"

ஸ்டோர் ரூமுல அரிசி மூட்டை அடுக்குற ஆளு. அவங்களுக்கு இது யாரு சொல்லணும்? அவ்வளவுதாம்மா நிரூபணம், முடிஞ்சுபோச்சுன்னேன். அட்டைத் துண்டு நாலையும் மஞ்சப்பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாங்க.

பரிச்சைக்குப் பத்து நாளு இருக்கும்போது கேட்டாங்க. "சார், பரிச்சைக்கு எத எழுதட்டும்? கைடுல உள்ளதும் மறக்கல, அதயும் எழுதிருவேன்." நான் சொன்னேன், "உங்களுக்குப் புரிஞ்சத எழுதுங்க. உண்மை எப்படி எழுதினாலும் உண்மைதான். எவன் மார்க் போடாமப் போவான்?"ன்னேன். "கிராப்பு, வடிவியல் வரையுறது, ரெண்டுக்கும் எட்டு எட்டு மார்க்காம் சார், பால்சாமி அதத்தான் போட்டுப் போட்டுப் பாக்குறான், நமக்கு அதக் கொஞ்சம்"னு இழுத்தாங்க. பாப்போம்மான்னேன். அது மிஷின் வேலை அண்ணாச்சி. புள்ளி வச்சுக் கோடு போடுறது. அதுல என்ன இருக்கு?

ஏப்ரல்ல பரிச்சை. முடிஞ்ச கையோட பஸ் ஏறி நேரா சங்கத்துக்கு வந்துட்டாங்க. முகத்தப் பாக்கணுமே! "சார், அந்தக் கேள்வி வந்துருச்சு!" பிதாகரஸ் தேற்றத்த எழுதி நிறுவுக, அஞ்சு மார்க். எப்படிம்மா எழுதுனீங்கன்னேன். "எல்லாத்தையும் எழுதுனேன் சார். பாபிலோன் மண்பலகை, கயிறு, சீனாக்காரங்க படம், எல்லாம் ரெண்டு பக்கம். அப்புறம் ரெண்டு சதுரம், ஸ்கேல் வச்சு, நாலு முக்கோணத்துக்கும் பென்சில்ல மை தீட்டுனாப்ல தீட்டி. முக்கா மணி நேரம் ஆயிருச்சு சார் அதுக்கே."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ரெண்டு பக்கம் வரலாறு! எந்தப் பிள்ள எழுதும்? எந்த வாத்தியார் எழுதுவான்?

கிராப் விட்டுப்போச்சு. கிராப் தாள விடைத்தாளோட சேத்துக் கட்டிட்டாங்களாம், கோடு போடுறதுக்குள்ள மணி அடிச்சுருச்சு. எட்டு மார்க். அது வேற.

மே மாசம் ரிசல்ட்டு. முப்பத்தொண்ணு.

முப்பத்தஞ்சுக்கு நாலு கம்மி. நான் உக்காந்து கேள்வி கேள்வியாக் கேட்டுக் கூட்டிப் பாத்தேன். மத்ததெல்லாம் சேத்தா முப்பத்தொண்ணு சரியா வருது. அப்ப அந்தத் தேற்றத்துக்குப் பூஜ்யம். முட்டை போட்டிருக்கான். விடைக்குறிப்புல இந்த வழி இருந்திருக்காது. திருத்தினவன் பாத்திருக்கான், ஏபிசி எங்க, அமைப்பு எங்க, இல்ல, அடிச்சுட்டான். இல்லாட்டி பாபிலோனப் படிச்சுட்டு வெறும் கதைன்னு தள்ளியிருப்பான். அஞ்சு மார்க் சேந்தா முப்பத்தாறு. பாஸ். உண்மையச் சரியா எழுதின ஒரு ஆளப் பெயிலாக்கிட்டாங்க. பால்சாமி முப்பத்தெட்டு. அவன் மனப்பாடம். முக்கோணத்துக்கு எத்தனை மூலைன்னு கேட்டா ஒரு நிமிஷம் யோசிப்பான். அவன் பாஸ், இப்ப பாங்க்ல கதவத் தொறந்து விடுற வேலைக்கு யூனிபார்ம் போட்டுப் போறான்.

ரிசல்ட் வந்த மறுநாள் அந்தம்மா வந்தாங்க. அழுகையெல்லாம் இல்ல. "சார், ஜூன்ல துணைத்தேர்வு இருக்காம். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள பாரம் போடணுமாம். எழுதிருறேன் சார். கைடக் குடுங்க"ன்னாங்க.

நான் என்ன சொன்னேன்னா, இப்பவும் அதத்தான் சொல்லுவேன், நீங்களே சொல்லுங்க சரியா தப்பான்னு. "திரும்ப எழுதுனா, மொத எழுதினது தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்மா. உங்க விடை சரி. மறுகூட்டல் போடுவோம். மனு எழுதுவோம். அவன் அந்த அஞ்சு மார்க்கப் போட்டுத்தான் ஆகணும். நீங்க எதுக்குப் பயந்து இன்னொரு தடவ எழுதணும்?"ன்னேன்.

"சார், அமைப்பாளர் வேலைக்கு ஆகஸ்டுல ஆள் போட்டுருவாங்க சார்"னாங்க.

அதுக்குள்ள மனு ஜெயிச்சுரும்னேன்.

"நீங்க சொன்னா சரிதான் சார்"னுட்டுப் போயிட்டாங்க. அப்படி ஒரு மரியாதை என் மேல.

மறுகூட்டல்ல மாற்றமில்லைன்னு வந்துச்சு. கூட்டல் சரியாத்தான இருக்கும், பூஜ்யத்தயும் சேத்துத்தான கூட்டியிருக்கான்? அதுக்கப்புறம் மனு. ஒண்ணு இல்ல, ஏழு மனு போட்டேன். படம் போட்டு, நாலு முக்கோணத்தயும் கலர் பண்ணி, சீனாக்காரன் படத்தயும் ஒட்டி, பதிவுத் தபால்ல. ஒவ்வொண்ணுக்கும் பதில் வந்துச்சு. தங்கள் மனு மேல்நடவடிக்கைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது. அந்த மனு பாத்த ஊருல பாதிய நான் பாத்ததில்ல.

செப்டம்பர்ல வேற ஆளப் போட்டாங்க. பக்கத்து ஊரு பொண்ணு, இருபத்தாறு வயசு, பன்னெண்டாவது. நல்ல பொண்ணுதான். அந்தம்மா அதுக்கப்புறம் வகுப்புக்கு வரல. ஒரு நாள் வழியில பாத்து, "எட்டாவது மனு ரெடியாகுதும்மா"ன்னேன். "சரி சார், அடுப்புல வேலை கெடக்கு"ன்னுட்டுப் போனாங்க. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். போராடுறவன் ஒத்தயில நிக்கிறான்னு.

போன வெள்ளிக்கிழமை. நூத்துநாப்பது பிள்ளைகளுக்குச் சாம்பாரு. சமையல்காரம்மா லீவு. அண்டாவ ரெண்டு பேராத்தான் எறக்கணும். ஒத்த ஆளா எறக்கியிருக்காங்க. துணி வழுக்கிருச்சோ, தரை ஈரமோ, தெரியல. இடுப்புலேர்ந்து கீழ மொத்தமும், ரெண்டு கையும். அந்த அமைப்பாளர் பொண்ணு நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சு ஓடி வர்றதுக்குள்ள. பத்தடி தூரம்தான்.

அவங்க வீட்டுக்காரரு சீனிப்பாண்டி. கொத்து வேலை. காலையிலேர்ந்து இந்தப் பெஞ்சுலதான், இப்ப நீங்க உக்காந்திருக்க எடத்துல உக்காந்திருந்தாப்ல. ரத்தம் வேணும்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க, அதுக்கு ரத்த வங்கிக்குப் போயிருக்காப்ல. நான் வந்து பக்கத்துல உக்காந்தேன். ஆறுதலா நாலு வார்த்தை சொன்னேன். தரையவே பாத்துக்கிட்டிருந்தாப்ல. ரொம்ப நேரம் கழிச்சு ஒரே ஒரு வார்த்தை.

"ஜூன்லயே எழுதியிருப்பா."

அவ்வளவுதான். நான் திரும்பக் கேக்கல. துக்கத்துல இருக்க மனுசன் ஏதாவது பேசுவான். அதுக்கெல்லாம் நாம அர்த்தம் தேடிக்கிட்டிருக்கக் கூடாது.

சரி, ஏன் வந்தேன்னு கேட்டா, மொதக் காரணம் பாக்கத்தான். ரெண்டாவது, எட்டாவது மனு. இது நீதிமன்றத்துக்கே போடுறது. வக்கீல் ஒருத்தர் இலவசமாப் பண்ணித் தர்றேன்னிருக்காரு. பாதிக்கப்பட்டவங்க கையெழுத்து வேணும்ங்கிறாரு. இந்தா பையில இருக்கு. உள்ள போயிப் பாத்தா ரெண்டு கையிலயும் கட்டு, முழங்கை வரைக்கும். வலது கட்டைவிரல் மட்டும் வெளிய தெரியுது. மைப்பெட்டி கீழ கடையில கெடைக்கும்.

கேக்கல அண்ணாச்சி. அப்படிப் பாக்காதீங்க. நான் கேக்கல. கேக்கணும்னுதான் கிட்டப் போனேன். கண்ணத் தொறந்தாங்க. என்னைத் தெரிஞ்சுச்சு. உதடு அசைஞ்சுச்சு. நான் குனிஞ்சு கேட்டேன். மார்க்கப் பத்திக் கேப்பாங்கன்னு நெனச்சேன். எட்டாவது மனு போடுறோம்மா, இந்தத் தடவ வந்துரும்னு சொல்ல வாயெடுத்தேன்.

"அன்னைக்குப் பிள்ளைக என்ன சாப்பிட்டுச்சு?"ன்னாங்க.

எனக்கு என்ன தெரியும்? சாப்பிட்டுச்சும்மா, எல்லாம் சாப்பிட்டுச்சுன்னேன். நான் பொய் சொல்ற ஆள் இல்ல. அதுதான் உள்ள போய்ட்டு வந்ததுலேர்ந்து உறுத்திக்கிட்டே இருக்கு. சாம்பாரு பூராவும் இவங்க மேலயும் தரையிலயும். அதுக என்னத்தச் சாப்பிட்டிருக்கும்? வெறும் சோத்தத்தான் சாப்பிட்டிருக்கும். நான் பாத்தனா? பாக்காத ஒண்ண எப்படிச் சாப்பிட்டுச்சுன்னு சொல்லலாம்?

ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அந்த விடை சரி. யாரு வேணா வரட்டும், எந்த ஊரு பேராசிரியரு வேணா வரட்டும். ரூமு அதே ரூமு, மூட்டை அதே மூட்டை, மிச்ச எடமும் அதே எடம்தான். அத எவனும் தப்புன்னு சொல்ல முடியாது. அந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. நான் அத எழுத்துல வாங்கிக் குடுத்துட்டுத்தான்...

ஒரு நிமிஷம். சிஸ்டர் வர்றாங்க.

ஆமா சிஸ்டர், முத்துப்பேச்சி கூட வந்த ஆளுதான். வீட்டுக்காரரு இல்ல. அவரு ரத்தத்துக்குப் போயிருக்காரு, வர்ற நேரந்தான். சொல்லுங்க, என்கிட்ட சொல்லலாம், என்ன வாங்கணும்?

இல்ல, போன் கொண்டுபோகல. இங்க சார்ஜுல போட்டிருக்காப்ல.

வேணாமா?

ரத்தம் வேணாமா சிஸ்டர்?

ம்.

சரி. சரிம்மா. வர்றேன். நீங்க போங்க, பின்னாலயே வர்றேன்.

அண்ணாச்சி, இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிருங்க. காலையிலேர்ந்து கதவுல நின்னு கத்திக் கூப்பிட்ட நர்சுப் பொண்ணு, இப்பக் கிட்ட வந்து தோளத் தொட்டுக் கூப்பிடுது. சீனிப்பாண்டி வந்தாப்லன்னா, கட்டம் போட்ட சட்டை, கையில ஐஸ் டப்பா வச்சிருப்பாப்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இங்கயே உக்காரச் சொல்லுங்க.

நான் வந்து சொல்லிக்கிறேன். நான்தான் சொல்லணும்.

இந்தா வந்துட்டேன் சிஸ்டர்.